பிள்ளைக்கு ஏர் பிஸ்டல் வாங்கும் முன்

2024 ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்றதிலிருந்து, பனியன் கம்பெனிக்காரர் வீடுகளில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்குத் தனி மவுசு. விளையாட்டு நல்ல விளையாட்டுதான். வாங்குகிற விதம்தான் வருத்தம் தருகிறது. பல்லடத்திலிருந்தும் அவிநாசியிலிருந்தும் சுடும் ரேஞ்சுக்கு வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கையில், லட்சக்கணக்கில் விலை போகும் வெளிநாட்டு பிஸ்டல் இருக்கிறது. பையன் தேர்ந்தெடுத்தது அல்ல. யாரோ வைத்திருப்பதைப் பார்த்து, ஸ்போர்ட்ஸ் கோட்டாவை மனதில் வைத்து, அப்பா முடிவு செய்தது.

வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவையே. கிளப் பிஸ்டலில் பழகலாம். முதல் சில மாதங்களுக்கு அதுவே போதும். குழலை மடக்கிச் சுடும் ஸ்பிரிங் பிஸ்டல் மலிவு. ஆனால் ஒவ்வொரு சுடுதலிலும் அதிரும், போட்டிக்கு ஆகாது. நிஜத் துப்பாக்கி போலத் தோன்றும் கேஸ் பிஸ்டல் வெறும் பொம்மை ஆசை. மிஞ்சுவது இரண்டு: ஒரே இழுப்பில் காற்றை அடைக்கும் பம்ப் பிஸ்டல், சிலிண்டர் வைத்த போட்டி பிஸ்டல். 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்கு மேற்படாத சக்தி என்றால் இந்தியாவில் லைசென்ஸ் தேவையில்லை. அதற்காகக் கவனக்குறைவு கூடாது. பார்வையைப் பறிக்கும் சக்தி அதற்கும் உண்டு.

இதில் எல்லோரும் ஓடி விழும் குழி, எலக்ட்ரானிக் ட்ரிகர் வைத்த பழைய சிலிண்டர் பிஸ்டல். "சாம்பியன்கள் வைத்திருக்கிற மாடல், பாதி விலை" என்றதும் பேரம் படிந்துவிடுகிறது. முதலில் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் படியுங்கள். பத்து ஆண்டுதான் அதன் ஆயுள். தாண்டியிருந்தால் போட்டியில் ஆயுதப் பரிசோதனை மேஜையிலேயே திருப்பி அனுப்பலாம். புது சிலிண்டர் விலையைச் சேர்த்தால் பாதி விலை என்ற கணக்கு உதைக்கும். அடுத்து, காற்று. 200 பார் அழுத்தம் வேண்டும். கம்பெனியில் ஓடும் கம்ப்ரஸர் பத்துப் பாரைத் தொட்டாலே அதிகம். தனி பம்ப்போ பெரிய சிலிண்டரோ வாங்கியாக வேண்டும்.

பெரிய ஏமாற்று கைப்பிடியில் இருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் தன் உள்ளங்கைக்கு ஏற்ப மரத்தை அரத்தால் ராவி, புட்டி வைத்து இழைத்திருப்பார். அந்த அச்சில் உங்கள் பிள்ளையின் கை ஒருநாளும் உட்காராது. மணிக்கட்டு ஒவ்வொரு முறையும் வேறு கோணத்தில் நிற்கும். "பையனுக்குத் திறமை இல்லை" என்று பழி அவன்மேல் விழும். சர்க்யூட் போனாலோ, உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்; அதுவரை பயிற்சி கெடும். பிஸ்டல் பழுதால் சாம்பியன்களே அடிபட்டிருக்கிறார்கள். 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச்சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி, நிமிடங்கள் பறிபோய், இறுதிச்சுற்று கைநழுவியது. உடன் பயிற்சியாளர்கள் இருந்தும் அந்த நிலை. மாவட்டப் போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு யார் துணை?

எதை வாங்கினாலும் சோதிக்கும் முறை ஒன்றுதான். இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், போலோ டீ-சர்ட்டில் தைக்கும் 18 லைன் பட்டன் அளவு. பிஸ்டலைத் துணி சுற்றி வைஸில் இறுக்கி, 10 மீட்டரில் தட்டைத் தலை ஈயக்குண்டு ஐந்து சுடுங்கள். ஐந்து ஓட்டையையும் அந்தப் பட்டன் மூடினால் குழல் நல்ல குழல். சிலிண்டர் பிஸ்டல் என்றால், காற்று நிரப்பி ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். காலையில் அழுத்தமானியின் முள் இறங்கியிருந்தால் சீல் போயிருக்கிறது. குண்டில்லாமல் விசையை ஏற்றி, பிஸ்டலைச் செங்குத்தாகப் பிடித்து, 500 கிராம் எடையை விசையில் தொங்கவிட்டுத் தூக்குங்கள். விசை விடுபடாமல் எடை எழும்பினால்தான் விதிக்குச் சரி. பிராண்டுப் பெயர் கடைசியில்தான்.

என் ஓட்டு பம்ப் பிஸ்டலுக்கு. ரஷ்யாவின் பைக்கால் 46எம் நல்ல நிலையில் கிடைத்தால் விடாதீர்கள் என்பேன். எடை கூடுதல் என்பதால், கை வலுக்காத சிறுவருக்கு ஸ்பெயினின் காமோ காம்பாக்ட் ஆரம்பத்துக்குப் போதும். சிலிண்டர் இல்லை, தேதி இல்லை. நெம்புகோலை இழுத்து மூடினால்தான் அடுத்த குண்டு. அந்த இடைவெளி பிள்ளையை மூச்சுவிட வைக்கும், அவசரத்தை அடக்கும். சிலிண்டர் பிஸ்டலில் பழகியவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், சடசடவென்று நூறு குண்டு சுட்டுவிட்டு ஒன்றையும் யோசிக்காமல் போகும் பிள்ளைகளை நிறையப் பார்த்தாயிற்று.

கடைசியில் இது நிற்கிற விளையாட்டு. ஒன்றேகால் மணி நேரத்தில் 60 குண்டு, ஒரே கையில், ஒரே நிதானத்தில். பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகெச் சாதாரணக் கண்ணாடியோடு, ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வாங்கினார். பிஸ்டல் நல்லதுதான், அதன் பின்னால் இருந்தது ஆண்டுக்கணக்கான பழக்கம். துறுதுறுவென்று ஓடும் பிள்ளைக்குக் கபடியோ கால்பந்தோ இருக்கிறது. அதில் அவமானம் ஏதுமில்லை. எது தன் பிள்ளைக்கு ஒத்துவரும் என்று பொறுத்திருந்து பார்ப்பதும் பெற்றோர் கடமைதான். ஆறு மாதம் கிளப் பிஸ்டலோடு, பாதி நேரம் குண்டில்லாமல் சுவரைப் பார்த்துக் குறி பிடிக்கட்டும். அதன் பிறகும் விடியற்காலையில் அவனே எழுந்து கிளம்பினால், அப்போது பர்ஸைத் திறங்கள்.