அப்பாவின் மாத்திரை

ஹுத்தான் மெலிந்தாங்

அன்பு மகனுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். அண்ணி போனில் சொன்னதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அப்பாவின் பார்க்கின்சன் நோய்க்கான மாடோபார் மாத்திரையை நிறுத்திவிட்டு, ஆன்லைனில் வாங்கிய பூனைக்காலிப் பொடி கொடுக்கப் போகிறாயாமே.

நம்ம செம்பனைக் காட்டில் மண்ணை மூடிக் கிடக்கும் முக்குனா கொடியின் இனம்தான் பூனைக்காலி. அதில் மருந்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற ஆய்வாளர்கள் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். மாடோபாரில் இருப்பதும் அதுதான். அப்பாவின் மூளையில் குறைந்துபோன டோப்பமினை அப்படியே கொடுத்தால் மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழையும், உள்ளே போய் டோப்பமினாக மாறும். ஆனால் பெரும்பகுதி மூளைக்குப் போகுமுன்பே உடம்பில் மாறிவிடும். குமட்டல் வருவது அதனால்தான். அதைத் தடுக்க மாத்திரையில் பென்செராசைடு சேர்த்திருக்கிறார்கள். பொடியில் அது கிடையாது, கரண்டிக்குக் கரண்டி அளவும் மாறும். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உடம்பு விறைத்து, காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம்.

தாத்தாவுக்குக் கை நடுங்கியபோது நடந்தது உனக்குத் தெரியும். தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் கிராணி, "கள்ளு நடுக்கம்" என்றார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் தண்ணி மருந்து கலக்கிக் கொடுத்தார், அதோடு சரி. 1960களின் கடைசியிலேயே நியூயார்க்கில் கோட்சியாஸ் என்ற மருத்துவர் இதே லெவோடோபாவை வாய்வழி கொடுத்து நோயாளிகளை எழுந்து நடக்க வைத்துவிட்டார். நம்ம லயத்துக்கு அது வரவேயில்லை. பால்மரம் வெட்டிய மனுசன் குடிகாரன் என்ற பேரோடு போனார். அவருக்குக் கிடைக்காதது அவர் மகனுக்குக் கிடைத்திருக்கிறது. அதையா தூக்கிப் போடுவது?

மாத்திரை சரியாகப் பிடிக்கவில்லை என்பதுதானே உன் குறை? அண்ணி சோறும் மீனும் கொடுத்த பிறகுதான் மாத்திரை தருகிறாராம். புரதமும் லெவோடோபாவும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் கொடு. இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்காதே.

முடிவு உன்னுடையது. நீ படித்தவன். ஆனால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் பொடியைக் காட்டிக் கேட்காமல் ஒரு சிட்டிகைகூடக் கொடுக்காதே.

அதட்டியதை மனசில் வைக்காதே, ராசா. ராத்திரி கண் விழித்து அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கிற பிள்ளை நீ. உன்னைப் பெற அண்ணன் கொடுத்து வைத்தவர். சித்தி உனக்கென்று முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள். அடுத்த அப்பாயின்ட்மெண்டுக்கு நானே ஈப்போ வந்து காரில் கூட்டிப் போகிறேன். நீ ஒரு நாளாவது தூங்கு.

அன்புடன்,
சித்தப்பா