புர்காஸில் தங்குங்கள், கடலோரம் முழுக்கச் சுற்றுங்கள்

பல்கேரியக் கடற்கரை மலிவு என்று ஐரோப்பாவில் இருக்கும் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எந்த ஊரில், எந்த மாதத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் நடுவில் சன்னி பீச் என்ற ரிசார்ட்டில் கடல் தெரியும் அறை எடுத்து, மணலில் குடைக்கும் சாய்வு நாற்காலிக்கும் தினம் வாடகை கொடுத்து, கரையோர உணவகத்தில் மீன் சாப்பிட்டால் கையில் மிச்சம் எதுவும் இருக்காது. அங்கிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் தெற்கே புர்காஸ் நகரம். அதே கருங்கடல், அதே வெயில், செலவு மட்டும் வேறு.

நாங்கள் ஜெர்மனியில் வேலை பார்க்கிறோம். கோடை விடுமுறை என்றால் எங்களுக்கு இப்போதெல்லாம் புர்காஸ்தான். அங்கே போய்ப் போய்த் தெரிந்துகொண்டதில் முதலாவது இதுதான்: ரிசார்ட்டில் தங்காதீர்கள், ஊரில் தங்குங்கள். ரிசார்ட் என்பது மூன்று மாத வியாபாரம். ஜூன் நடுவில் திறந்து செப்டம்பர் நடுவில் மூடும் கடைக்காரர் வருஷம் முழுவதற்குமான வருமானத்தை அந்த மூன்று மாதத்தில் எடுத்தாக வேண்டும். புர்காஸில் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் வருஷம் முழுக்க வாழ்கிறார்கள். துறைமுகம் இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது, அலுவலகங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு காபியின் விலை அந்த ஊர்க்காரர் தினமும் கொடுக்கக்கூடிய விலை. அதே விலைதான் நமக்கும்.

விமான நிலையம் நகருக்கு வடக்கே சராஃபோவோ பக்கம் இருக்கிறது. வெளியே வந்ததும் 15ஆம் எண் நகரப் பேருந்து நிற்கும். அது நேராகத் தெற்குப் பேருந்து நிலையத்துக்குப் போகும். அந்தப் பேருந்து நிலையம், ரயில் நிலையம், துறைமுகம் மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கம். அங்கிருந்துதான் அலெக்ஸாந்த்ரோவ்ஸ்கா என்னும் நடைத்தெரு தொடங்குகிறது. அந்தத் தெருவை ஒட்டியோ, அதிலிருந்து பிரிந்து கடலை நோக்கிப் போகும் பொகோரிதி தெருவை ஒட்டியோ ஒரு சின்ன அபார்ட்மெண்ட் எடுத்துவிட்டால், கடலும் பேருந்தும் சந்தையும் நடந்து போகும் தூரம்தான். டாக்சி தேவைப்படாது. தேவைப்பட்டால், ஏறுவதற்கு முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கட்டணத் தாளைப் படியுங்கள். ரிசார்ட் வாசல்களில் நிற்கும் சில வண்டிகளில் கிலோமீட்டர் கட்டணம் வழக்கத்தைவிடப் பல மடங்கு இருக்கும். அதைத் தாளில் அச்சிட்டே வைத்திருப்பார்கள், ஆகவே பிறகு சண்டை போட்டுப் பயனில்லை.

புர்காஸ் கடற்கரை மணல் கொஞ்சம் கறுப்பு. இரும்புத் தாது கலந்தது. விளம்பரப் படங்களில் வரும் பொன்னிற மணலை எதிர்பார்த்துப் போனால் முதல் நாள் முகம் சுருங்கும். மணலுக்கு மேலே, கரையின் நீளத்துக்கும் ‘கடல் தோட்டம்’ என்று ஒரு பெரிய பூங்கா போகிறது. மரநிழல், பெஞ்சுகள், சைக்கிள் பாதை, மாலையில் குழந்தைகளோடும் பாட்டிகளோடும் நிறைந்துவிடும் கூட்டம். வெயில் ஏறினால் படியேறி நிழலுக்கு வந்துவிடலாம். பணம் கொடுத்துக் குடை எடுக்காமல் ஒரு முழு நாளைக் கடலோரத்தில் கழிக்க இதைவிட வசதியான இடம் அந்தக் கரையில் எனக்குத் தெரியாது.

குடை விஷயத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பல்கேரியாவில் கடற்கரைகள் பொதுச் சொத்து. நுழைவதற்குக் கட்டணம் கிடையாது. பெரிய கடற்கரைகளை அரசு குத்தகைக்கு விடுகிறது. குத்தகைதாரர் குடையும் நாற்காலியும் வைத்து வாடகை வாங்கலாம். ஆனால் ஒரு பகுதியை, மக்கள் சொந்தத் துண்டையும் சொந்தக் குடையையும் விரித்துக்கொள்ளக் காலியாக விட்டே ஆக வேண்டும். வரிசை வரிசையாக ஒரே நிறக் குடைகளைப் பார்த்ததும் இடமே இல்லை என்று திரும்பிவிடாதீர்கள். ஓரமாக நடந்தால் இலவசப் பகுதி வரும். சூப்பர் மார்க்கெட்டில் ஒரு குடை வாங்கினால் இரண்டு மூன்று நாள் வாடகையிலேயே அதன் விலை கழிந்துவிடும். ஊருக்குத் திரும்பும்போது வீட்டுக்காரம்மாவிடம் விட்டுவிட்டு வந்தால், அடுத்து வருகிறவர்களுக்கு ஆகும்.

அம்மா மதுரையிலிருந்து எங்களோடு வந்து தங்கியிருந்த கோடையில் அவளையும் கூட்டிப் போனோம். முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்துவிட்டு, “என்னடி, கடல்ல உப்பே இல்ல?” என்றாள். ராமேசுவரத்துத் தண்ணீர் பழகிய நாக்கு சரியாகத்தான் சொன்னது. தானூப் முதலான பெரிய ஆறுகள் ஓயாமல் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுவதாலும், மத்தியதரைக் கடலோடு பாஸ்போரஸ் என்ற குறுகிய வாசல் வழியாக மட்டுமே தொடர்பு இருப்பதாலும், கருங்கடலின் மேல்மட்டத் தண்ணீரில் உப்பு, பெருங்கடலில் இருப்பதில் பாதி அளவுதான். கண் எரியாது. குளித்து முடித்த தோல் வெள்ளை பூக்காது. சின்னப் பிள்ளைகளுக்கு இது பெரிய சௌகரியம்.

இந்தக் கடலைச் சாது என்றும் நினைத்துவிடக் கூடாது. ஏற்ற இறக்கம் அநேகமாகக் கிடையாது, அலையும் பெரும்பாலும் சிறிது. அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். காற்று வீசி அடங்கிய மறுநாள் மேலே அமைதியாகத் தெரியும். ஆனால் அலை கரைக்குத் தள்ளிய தண்ணீர் மணல்திட்டுகளுக்கு நடுவே ஒரு குறுகிய வாய்க்காலாகக் கடலுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கும். அது ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். சிவப்புக் கொடி என்றால் இறங்காதீர்கள். இழுவையில் சிக்கினால் கரையை நோக்கி நீந்திக் களைத்துப் போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த வாய்க்காலை விட்டு வெளியே வர வேண்டும். பணம் மிச்சம் என்று உயிர்காப்பாளர் இல்லாத ஒதுக்குப்புறக் கரைக்குப் பிள்ளைகளோடு போவதை மட்டும் நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

கடல் உப்புக் குறைவு என்று சொன்ன அம்மாவை, அதன் எதிர்முனைக்கும் கூட்டிப் போனோம். கடற்கரையோடு வடக்கே நடந்தால் அதனாஸோவ்ஸ்கோ ஏரி. பழைய உப்பளம், இன்றும் உப்பு எடுக்கிறார்கள். கோடையில் பாத்திகள் ரோஜா நிறமாகிவிடும். உப்பு மிகுந்த தண்ணீரில் வாழும் நுண்பாசியும் சிறு இறாலும்தான் அந்த நிறத்துக்குக் காரணம். ஊர்க்காரர்கள் அதில் இறங்கி மிதக்கிறார்கள். பக்கத்துப் பாத்தியில் கறுப்புச் சேற்றை எடுத்து உடம்பெல்லாம் பூசிக்கொண்டு வெயிலில் காய்ந்து, கரையைத் தாண்டிக் கடலில் போய்க் கழுவிக்கொள்கிறார்கள். இதற்குக் காசு கிடையாது. முட்டிவலிக்கு நல்லது என்று அங்கே வரும் பெரியவர்கள் சொல்வார்கள். மருத்துவமாக நான் சொல்ல முடியாது, ஆனால் அம்மா மறுநாளும் கேட்டு வந்தாள். போகிறவர்கள் கால் தோலைக் காப்பாற்றும் ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், உப்புப் பரல் கீறும். உடம்பில் வெட்டுக்காயமோ அன்றைக்குச் சவரம் செய்த இடமோ இருந்தால் அந்த எரிச்சலைத் தாங்க முடியாது. குடிக்க நல்ல தண்ணீர் நிறையக் கொண்டுபோங்கள். செப்டம்பரில் போனால், மேலே அண்ணாந்து பாருங்கள். வடக்கிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் நாரைகளும் கூழைக்கடாக்களும் இந்தக் கரை வழியாகத்தான் போகின்றன.

சாப்பாட்டில் நாம் எங்கே உட்காருகிறோம் என்பதுதான் பில்லைத் தீர்மானிக்கிறது. நகரத்தில் வாரநாட்களில் மதியத்துக்கென்று தனி மெனு வைத்திருப்பார்கள். ஒரு சூப், ஒரு பிரதான உணவு, ரொட்டி. அலுவலகம் போகிறவர்கள் சாப்பிடுவது. அதைச் சாப்பிட்டுவிட்டு இரவில் வீட்டிலேயே தக்காளி, வெள்ளரி, சிரெனே என்ற வெள்ளைப் பாலாடைக்கட்டி, ரொட்டி என்று முடித்துக்கொண்டால் வயிறும் லேசு, பணமும் மிச்சம். இதே தக்காளியையும் வெள்ளரியையும் பொடியாக நறுக்கி, வெங்காயமும் குடைமிளகாயும் சேர்த்து, மேலே சிரெனேயைத் துருவிப் போட்டால் அதுதான் அங்கே எல்லா உணவகத்திலும் கிடைக்கும் ஷோப்ஸ்கா சாலட். கோடைத் தக்காளிக்கு அந்த நாட்டில் தனி ருசி. சந்தையில் இளஞ்சிவப்பாகக் குண்டு குண்டாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். தயிரில் வெள்ளரி, பூண்டு, வால்நட், சதகுப்பிக் கீரை போட்டுத் தண்ணீராகக் கரைத்துக் குளிரவைத்த தரதோர் இருக்கிறது. அம்மாவுக்கு அது வெள்ளரிக்காய்ப் பச்சடியை மோராக்கியது போலத்தான். காலையில் அடுமனைகளில் சூடாகப் பானித்சா, மெல்லிய மாவு மடிப்புகளுக்குள் முட்டையும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுட்டது. முட்டை சேர்க்காதவர்கள் மட்டும் அதைத் தவிர்க்க வேண்டும். பொப் சொர்பா என்ற பீன்ஸ் சூப்பில் சில இடங்களில் இறைச்சி போடுவார்கள். “பெஸ் மெஸோ?” என்று கேட்டால் இறைச்சி இல்லாததா என்று கேட்டதாக அர்த்தம். தயிர் பற்றிச் சொல்லவே வேண்டாம். தயிரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாவை 1905இல் கண்டறிந்த ஸ்தாமென் கிரிகோரோவ் பல்கேரியர். தயிர் எந்தக் கடையிலும் டப்பாவில் கிடைக்கும், கெட்டியாக, நல்ல புளிப்போடு. ஒரு பொட்டலம் அரிசியும் ஊறுகாயும் பையில் இருந்தால் தயிர்ச்சாதம் தயார்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கரையோர உணவகங்களில் பெரிய மீனுக்கு மெனுவில் போட்டிருக்கும் விலை பெரும்பாலும் நூறு கிராமுக்கு. முழு மீனை எடை போட்டுப் பில் வரும். ஆர்டர் கொடுக்கும் முன்பே எடையையும் மொத்த விலையையும் கேளுங்கள், அது மரியாதைக் குறைவு இல்லை, ஊர்க்காரர்களும் கேட்கிறார்கள். இந்தக் கவலையே வேண்டாமென்றால் த்சாத்சா வாங்குங்கள். நெத்திலி அளவு மீன், மாவில் புரட்டி மொறுமொறுவென்று பொரித்து, எலுமிச்சையோடு தட்டு நிறையத் தருவார்கள். கடற்கரையில் மலிவானதும் அதுதான், என் கணக்கில் சுவையானதும் அதுதான்.

புர்காஸில் இருந்துகொண்டு மற்ற ஊர்களுக்குப் பேருந்தில் போய்வரலாம். சோசோபோலுக்கு முக்கால் மணி நேரம். கிரேக்கர்கள் அப்பொலோனியா என்ற பெயரில் நிறுவிய ஊர். கீழே கல், மேலே மரம் என்று கட்டிய வீடுகள் குறுகிய சந்துகளில் தலை நீட்டி நிற்கும். பாட்டிமார் வாசலில் அத்திக்காய் ஜாம் வைத்து விற்பார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் அங்கே கலைவிழாவும் நடக்கும். நெசெபர் 1983 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் தீபகற்பம். சிவப்புச் செங்கலும் வெள்ளைக் கல்லும் மாறி மாறி அடுக்கிய இடைக்காலத் தேவாலயங்கள் அத்தனை அழகு. ஆனால் பக்கத்தில் சன்னி பீச் இருப்பதால் பத்து மணிக்கு மேல் நடக்க இடமிருக்காது. காலை முதல் பேருந்தைப் பிடியுங்கள். பொமோரியே என்ற ஊருக்கு அதன் உப்பு அருங்காட்சியகத்துக்காகப் போகலாம். வடக்கே வார்னா, பல்சிக் எல்லாம் ஒரே நாளில் புர்காஸிலிருந்து போய் நிதானமாகப் பார்த்துவருவது கஷ்டம், அதற்கு வேறொரு விடுமுறை வேண்டும்.

பேருந்து நிலையத்தில் ஒன்றை நினைவில் வையுங்கள். பல்கேரியர்கள் ஆமென்றால் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள், இல்லையென்றால் மேலே தூக்குவார்கள். நம் ஊர்த் தலையசைப்பு இதோடு கலந்தால் குழப்பம்தான். வெளிநாட்டினரிடம் சிலர் தங்கள் வழக்கத்தை மாற்றியும் ஆட்டுவார்கள். தலையைப் பார்க்காதீர்கள், ‘தா’ என்கிறாரா ‘நே’ என்கிறாரா என்று காதில் வாங்குங்கள். சிரில்லிக் எழுத்துகளையும் விமானத்திலேயே படித்துவிடலாம். பேருந்துப் பலகைகளைப் படிக்க அது போதும்.

பணம், விசா விஷயம் இப்போது எளிது. 2025 ஜனவரி 1 முதல் பல்கேரியா முழுமையாக ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. அம்மா மாதிரி ஷெங்கன் விசாவில் வருகிறவர்களுக்குத் தனி விசா வேண்டியதில்லை, தங்கும் நாள் கணக்கு மட்டும் ஒன்றாகச் சேரும். 2026 ஜனவரி 1 முதல் நாணயமும் யூரோ. பழைய பயணக் குறிப்புகளில் லெவாவில் இருக்கும் விலையை ஏறக்குறைய இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள். சிறிய பேருந்துகளுக்கும் சந்தைக்கும் சில்லறை வேண்டும்.

சின்னக் குழந்தைகள் இரண்டு மூன்று இருந்து, சமைக்கவும் அலையவும் முடியாத குடும்பம் என்றால் கணக்கு வேறு. ஜூனில் சாப்பாட்டோடு சேர்ந்த ஒரு ரிசார்ட் அறை அவர்களுக்குக் கட்டுப்படியாகும், நீச்சல் குளமும் பக்கத்திலேயே இருக்கும். அதைக் குறை சொல்ல மாட்டேன். மற்றவர்களுக்கு மாதத்தைப் பற்றி ஒரே ஒரு சொல்: செப்டம்பர் முதல் பாதி. ஜூனில் தண்ணீர் இன்னும் குளிர்ச்சி. ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் விலையும் உச்சம். செப்டம்பரில் கடல் கோடை முழுக்க வாங்கிய சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், பள்ளிகள் 15ஆம் தேதி திறக்கப்போவதால் உள்ளூர்க் குடும்பங்களும் வீடு திரும்பிக்கொண்டிருப்பார்கள், அறை வாடகை இறங்கிவிடும். ரிசார்ட்டுகளில் ஒவ்வொரு கடையாக மூடத் தொடங்கினாலும் புர்காஸில் எதுவும் மூடாது. பேருந்துகளின் எண்ணிக்கை மட்டும் குறையும். வெலெக்கா ஆறு கடலில் சேரும் சினெமோரெட்ஸ் போன்ற தென்கோடி ஊர்களுக்கு அந்தச் சமயத்தில் போனால், திரும்பி வரும் கடைசி வண்டியின் நேரத்தை முதலில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அதைவிட, அங்கே ஓர் இரவு தங்கிவிடுவது நல்லது.