சாரப் புரதமும் குறிஞ்சிச் செடியும்

மலைநிலத்துக்கு ஒரு செடியின் பெயரையே சூட்டியவர் தமிழர். பழனி மலைத்தொடரில், கொடைக்கானலைச் சூழ்ந்த புல்வெளிகளில், அக்குறிஞ்சி 12 ஆண்டுகள் வளர்ந்து, ஒருமுறை பூத்து, விதை தந்து மடிகிறது. 2006-லும் 2018-லும் பூத்தது. அடுத்த பூப்பு 2030-இல் எதிர்பார்க்கப்படுகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் உறைபனி, கடுங்காற்று, வறட்சி ஆகியவற்றை நின்ற இடத்திலேயே தாங்குகிறது. விலங்கு ஓடித் தப்பும், செடி ஓடாது. ஆதலின், 'இப்போது வளர்வதா, பொறுத்திருப்பதா' என்பதைச் செடியின் உயிரணுக்களே முடிவு செய்ய வேண்டும். அம்முடிவில் பங்குகொள்ளும் புரதம் ஒன்றைக் காண்போம்.

கட்டடம் எழுப்புவோர் முதலில் சாரம் கட்டுவர். சாரம் சுவராவதில்லை, ஆனால் கொத்தனாரையும் சிற்றாளையும் உரிய இடத்தில் நிறுத்துகிறது. உயிரணுவினுள்ளும் இத்தகைய புரதங்கள் உண்டு. அவற்றைச் 'சாரப் புரதங்கள்' எனலாம். அவற்றுள் ஒன்று 'ராக்-1'. ஏழு இதழ்கள் கொண்ட சுழல்விசிறி போன்ற வடிவுடைய இது, செய்தி கடத்தும் பிற புரதங்களை ஓரிடத்தில் சேர்த்துப் பிடிக்கிறது.

கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறுசெடியில் இப்புரதத்திற்கு மூன்று மரபணுக்கள் உள்ளன. அவற்றுள் முதன்மையானதைச் செயலிழக்கச் செய்தபோது, இலைகள் குறைந்தன, வளர்ச்சி குன்றியது. வறட்சிக் காலத்தில் சுரந்து இலைத்துளைகளை மூடச்செய்யும் அப்சிசிக் அமிலத்துக்கு அச்செடி மிகைப்பட உணர்வு காட்டியது, நீரிழப்போ குறைந்தது. எனவே, வளர்ச்சிக்குத் துணைநின்று, வறட்சி எச்சரிக்கையை அளவோடு அடக்கிவைப்பது இப்புரதத்தின் பணி என்பது புலனாகிறது. நோய்க்கிருமி தாக்கும்போது தற்காப்புச் செய்தியைக் கடத்தும் புரதங்களை இணைப்பதும் இதுவே என 2015-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. நெல்லின் நோயெதிர்ப்பிலும் இதற்குப் பங்குண்டு.

இவ்வாய்வுகள் குறிஞ்சியில் நிகழ்ந்தவை அல்ல. எனினும் ராக்-1 தாவரங்களிலும் விலங்குகளிலும் பரவலாகக் காணப்படும் தொன்மையான புரதமாதலின், செடிகளின் பொறுமைக்குப் பின்னுள்ள ஒழுங்கை உணர இவை துணைபுரிகின்றன.

மாணவச் செல்வங்களே! பனியையும் வறட்சியையும் தாங்கும் ஏற்பாடு செடிக்குள் உண்டு. வாழிடமே பறிபோவதைத் தாங்கும் புரதம் எதுவும் இல்லை. சீகை, பைன், தைலமரத் தோட்டங்கள் பழனி மலைப் புல்வெளிகளில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது ஆறுதலே. ஆயினும் எஞ்சிய புல்வெளி நிலைத்தால்தான் குறிஞ்சி 2030-இல் பூக்கும். குறிஞ்சித்திணையைப் பாடமாகப் படிக்கும் நாம், அச்செடி வேரூன்றும் மண்ணையும் காப்போமாக.