இரவு விளக்கொளி காட்டும் நகர வளர்ச்சி

மதுரை மாநகராட்சி எல்லை 2011-ல் விரிவடைந்தபோது ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் ஆகியவை அதில் சேர்ந்தன. நகரம் எந்தத் திசையில் வளர்கிறது என்பதை இரவில் எடுக்கப்படும் செயற்கைக்கோள் படங்களால் அறியலாம்.

படம் எடுக்கும் முறை

2011-ல் ஏவப்பட்ட சுவோமி என்.பி.பி. என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள், இரவு சுமார் 1.30 மணிக்குக் கடக்கும்போது விளக்கொளியைப் பதிவு செய்கிறது. பல ஆண்டுப் படங்களை ஒப்பிட்டால், முன்பு இருளாக இருந்து பின்னர் ஒளி பெற்ற இடங்கள் புலப்படும்.

குறைபாடுகள்

இப்படத்தில் ஒரு புள்ளி ஏறத்தாழ 750 மீட்டர் சதுரம். அதாவது சுமார் 140 ஏக்கர். சாலை விளக்கொளி பக்கத்து வயலிலும் கண்மாயிலும் பரவித் தெரியும். விளக்கு வராத புதிய மனைப்பிரிவோ இருளாகவே இருக்கும். எனவே பகல் படத்தையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 பகல் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர் சதுரம். சுமார் இரண்டரை சென்ட்.

கவனிக்க வேண்டியவை

மேல் கண்மாயின் மறுகால் நீரே பல இடங்களில் கீழ்க் கண்மாயை நிரப்புகிறது. இடையில் வரத்துக்கால் அடைபட்டால் கீழுள்ள ஆயக்கட்டு முழுவதும் பாதிக்கப்படும். ஆகவே ஒளி நெருங்கி வரும் திசையிலுள்ள வரத்துக்கால்களை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஆயக்கட்டுதாரர்கள் கூட்டாக நடந்து பார்த்து, கிராமப் புலப்படத்துடன் ஒப்பிட வேண்டும். ஆக்கிரமிப்பு தென்பட்டால், சர்வே எண்ணைக் குறிப்பிட்டு வட்டாட்சியரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு பெற வேண்டும்.

எங்கே சென்று பார்க்க வேண்டும் என்பதையே செயற்கைக்கோள் படம் காட்டும். எல்லையை நிரூபிப்பது நில அளவை ஆவணமே.