வைக்கோல் தீட்டும் சித்திரம்

மட்பாண்டத்துக்கு அழகு தருவது எது என்று கேட்டால், அதன் மேல் பூசப்படும் வண்ணமும் பளபளப்பும் என்றே நம்மில் பலர் கூறுவோம். ஆனால் ஜப்பானின் ஒகயாமா மாநிலத்திலுள்ள பிஸென் நகரத்துப் பாண்டங்களுக்கு மேற்பூச்சும் இல்லை, வண்ணமும் இல்லை. ஆயினும் ஒன்றைப் போல் மற்றொன்று இருப்பதில்லை. இதன் காரணத்தைத் தேடிப் படித்தபோது நான் அறிந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஜப்பானின் "ஆறு பழஞ்சூளைகள்" எனப் போற்றப்படும் இடங்களுள் பிஸெனும் ஒன்று. அங்கே வயல்களுக்கு அடியிலிருந்து தோண்டப்படும் களிமண்ணில் இரும்பு அதிகம். அது சூட்டில் வெகுவாகச் சுருங்கும், அவசரப்பட்டால் வெடிக்கும். ஆகவே சூளையின் வெப்பத்தை மெல்ல மெல்ல ஏற்றி 1200 பாகை செல்சியசுக்கு மேல் கொண்டுசெல்கிறார்கள். இதற்குப் பத்து முதல் பதினான்கு நாட்கள்வரை செல்லும். இரவும் பகலும் முறைவைத்துச் செம்பைன் விறகிடுவர். பலர் ஆண்டுக்கு ஓரிரு தடவைகளே சூளை மூட்டுவதால், பல மாத உழைப்பு அந்த ஒரே நெருப்பில் தங்கியிருக்கிறது.

அந்த நெருப்பினுள் நடப்பது முழுவதும் இரசாயனவியலே. பறந்துவரும் விறகுச் சாம்பல் பாண்டத்தின் மீது படிகிறது. சாம்பலிலுள்ள கல்சியமும் பொற்றாசியமும் களிமண்ணின் சிலிக்காவுடன் உருகிக் கண்ணாடித் துளிகளாகின்றன. எள் தூவியதுபோல் தோன்றுவதால் அதற்கு எள் என்ற பொருள்படும் பெயரையே வைத்துள்ளனர். தணலும் சாம்பலும் பாண்டத்தை மூடினால் ஒட்சிசன் குறைந்து தாழ்த்தல் நிகழும். அப்பகுதி சாம்பல் நிறமாகவோ நீலமாகவோ மாறும்.

எல்லாவற்றிலும் என்னைக் கவர்ந்தது ஹிதசுகி எனப்படும் செந்நிறக் கோடுகளே. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பாண்டங்கள் ஒட்டிக்கொள்ளாதிருக்க, இடையில் வைக்கோலை வைப்பது பழைய வழக்கம். சூட்டில் வைக்கோல் எரிந்துபோனது. அது தொட்ட இடத்தில் மட்டும் சிவந்த கோடு நின்றது. வைக்கோலின் பொற்றாசியம் களிமண்ணுடன் தாக்கமுற, மண்ணிலுள்ள இரும்பு சிவந்த ஒட்சைட்டுப் பளிங்குகளாகிறது என்பதே இதன் விளக்கம். இன்று குயவர்கள் அக்கோடுகளுக்காகவே வைக்கோலைச் சுற்றிச் சுடுகிறார்கள். பாதுகாப்புக்கு வைத்த பொருள் அலங்காரமாயிற்று!

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மொமொயாமா காலத்தில், தேநீர்ச் சடங்குக்காகச் செய்யப்பட்ட பிஸென் பாண்டங்கள் பெரும் புகழ் பெற்றவை. காலப்போக்கில் அக்கலை நலிவுற்றது. கனெஷிகே தோயோ (1896–1967) என்னும் குயவர் அப்பழைய பாண்டங்களை ஆராய்ந்து, மண்ணையும் சுடும் முறையையும் மீண்டும் மீண்டும் பரிசோதித்து அதற்குப் புத்துயிர் அளித்தார். 1956இல் ஜப்பானிய அரசு அவரை "வாழும் தேசியப் பொக்கிஷம்" எனக் கௌரவித்தது.

சுடும்போது எந்தக் குயவரும் நெருப்பைக் கைக்குள் அடக்குவதில்லை. ஆனால் பாண்டத்தை அடுப்புவாயின் அருகில் வைப்பதா, பின்னால் வைப்பதா, எதனால் சுற்றுவது என்பதை அவரே தீர்மானிக்கிறார். சூளை ஆறியபின் ஒவ்வொன்றையும் எடுத்து, எது எங்கே இருந்தது, ஏன் இப்படியானது என்று பார்க்கிறார். அடுத்த சூளைக்கான பாடம் அதுவே.

தோழியரே, ஆய்வுகூடத்தில் நமது பரிசோதனை எதிர்பாராத பெறுபேற்றைத் தரும்போது, பக்கத்து மேசையின் விடையைப் பார்த்து எழுதும் எண்ணம் வரலாம். அதற்கு முன் ஒரு தடவை நின்று, ஏன் என்று கேட்போம். பெற்றோரே, உங்கள் மகள் அக்கேள்வியுடன் வீடு வந்தால், உடனே திருத்திவிடாமல் அவளோடு சேர்ந்து சற்று யோசியுங்கள். வைக்கோல் விட்ட கோட்டை அழுக்கென்று எவரும் ஒதுக்கியிருந்தால், ஹிதசுகி இன்று இருந்திராது.