பிண்ணாக்கும் நாரும் சேர்ந்த நாற்றுத்தொட்டி

மண்சுவர் எழுப்பும்போது குழைத்த மண்ணுடன் வைக்கோலைச் சேர்த்து மிதிப்பதை நாம் அறிவோம். மண் பிணைக்கிறது, வைக்கோல் வெடிப்பு விழாமல் இழுத்துப் பிடிக்கிறது. இவ்வாறு பசையும் நாரும் கூடி, தனித்தனியே இருப்பதைவிட வலுவாக அமைவதைக் கூட்டுப்பொருள் என்பர். மண்ணுக்குப் பதிலாகப் பிண்ணாக்கிலுள்ள புரதத்தைப் பசையாகவும், தென்னை நாரையோ வாழை நாரையோ வைக்கோலுக்கு ஈடாகவும் கொண்டால், பயன் தீர்ந்தபின் மண்ணிலேயே மட்கும் பலகையும் தொட்டியும் செய்யலாம்.

இது புதுக் கருத்தன்று. அமெரிக்காவில் 1920களிலேயே சோயா மாவிலிருந்து ஒட்டுப்பலகைக்குப் பசை செய்தனர். ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் நகரில் நம் வயலில் விளையும் அதே நிலக்கடலையின் புரதத்தை இழையாக்கி, 'ஆர்டில்' என்று பெயரிட்டுக் கம்பளியுடன் கலந்து நெய்தனர். 1951-ஆம் ஆண்டளவில் பேரளவில் நடந்த அத்தொழில் 1957-இல் நின்றுபோயிற்று. அவ்விழை நனைந்தால் வலுக் குன்றியது. பெட்ரோலிய எண்ணெயிலிருந்து வந்த செயற்கை இழைகளோ நீருக்கு அஞ்சவில்லை.

புரதம் நூற்கண்டைப் போலச் சுருண்டு கிடப்பது. வெப்பமும் சுண்ணாம்பு போன்ற காரமும் பட்டால் கண்டு அவிழ்கிறது. அவிழ்ந்த இழைகள் நாரின்மேல் படிகின்றன. சூடான அச்சில் அழுத்தும்போது நீர் வெளியேறி, முட்டையின் வெண்கரு வெந்து இறுகுவதுபோல் அவை ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. எண்ணெய் மிகுந்திருந்தால் இப்பிணைப்புக் கெடும். ஆதலால் செக்குப் பிண்ணாக்கு அப்படியே உதவாது. எண்ணெய் முற்றும் நீக்கிய பிண்ணாக்கு மாவே ஏற்றது.

நீரைத் தாங்கச் செய்வதற்காக முன்னாளில் ஃபார்மால்டிஹைடு என்னும் மருந்தைச் சேர்த்தனர். அது புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வகம் 2004-இல் வகைப்படுத்தியது. எனினும், எல்லாப் பொருளும் நீரை வெல்ல வேண்டுமா என்பதே நம் வினா. நாற்றங்காலில் ஒரு தொட்டி சில வாரம் நின்றால் போதும். பாலிதீன் பையைக் கிழித்தெறிய வேண்டியிருக்கிறது. எறிந்ததைக் கன்று மேய்கிறது. புரதத் தொட்டியையோ கன்றுடன் குழியில் வைத்துவிடலாம். நனைந்து நெகிழும் சுவரை வேர் துளைத்துச் செல்லும். நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்கும்போது உரமும் கிடைக்கும். நூறு கிராம் புரதத்தில் ஏறக்குறைய 16 கிராம் தழைச்சத்து உண்டு.

ஆனால் கறவை மாட்டின் தொட்டியிலிருந்து பிண்ணாக்கைப் பறித்து நாற்றுத்தொட்டி செய்வதை நாம் ஒப்பமாட்டோம். பால் குறைந்தால் அந்த நட்டத்தை எந்தத் தொட்டியும் ஈடுசெய்யாது. ரிசின் என்னும் நஞ்சுடைமையால் மாட்டுக்கு ஆகாத ஆமணக்குப் பிண்ணாக்கே இதற்கு முதலில் கருதத்தக்கது. அதையும் நன்கு வேகவைத்து நஞ்சை முறித்தாக வேண்டும். அதன் தூளைச் சுவாசிப்பது தீங்கு.

சூடான அச்சு சிற்றூரில் எளிதில் அமையாது. ஆகவே பஞ்சாயத்துகள் இப்போதைக்கு வாங்குவோராகவே இருப்பர். 'மட்கும்' என்று விற்கப்படும் தொட்டி எதுவாயினும், விலை பேசுமுன் பசை யாதென்று கேட்க வேண்டும். பிறகு பத்துத் தொட்டிகளில் வழக்கம்போல் நீர் ஊற்றி, எத்தனை நாள் நிற்கின்றன என்று குறித்துக்கொள்க. ஒரு துண்டை ஈரமான எருக்குழியில் நான்கு அங்குல ஆழத்தில் புதைத்து, இரு வாரத்திற்கு ஒருமுறை தோண்டிப் பார்க்க. நார் நைந்தபின்னும் மெல்லிய தோல்போல் ஒன்று கையில் வருமாயின், அதில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறதென ஐயுற்று, விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.