கணனிக்குக் கணனி நேர் வயர்: பழைய பத்திரங்களைக் காப்பாற்றுவோம்



இம்முறை பாடம் கணனியைப் பற்றியது. "கணனி எங்களுக்கு எதுக்குங்கையா?" என்று பெரியவர்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள். இது உங்கள் பெட்டியில் கிடக்கும் பழைய பத்திரங்களைப் பற்றிய பாடமும் கூட.

அண்மையில் நாங்கள் மன்னார்த் தீவில் உள்ள பேசாலைக்குப் போய் வந்தோம். எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஒரு பெரியம்மாவின் தம்பி, 1983 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டுப் போய், கடைசியில் பேசாலையில் குடியேறியவர். அவர் இப்போது இல்லை. ஆனால் உயிரோடு இருக்கும்போதே குடும்பத்துப் பத்திரங்களையும் படங்களையும் மருமகனிடம் கொடுத்து வீட்டுக் கணனியில் ஏற்றி வைத்திருந்தார். பிறகு கூரை ஒழுகி, பெட்டி நனைந்து, மூலப் பத்திரங்கள் கூழாகிப் போயின. மிஞ்சியது கணனியில் உள்ள பிரதிதான். அந்தக் கணனியும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மூச்சு வாங்குகிறது!

"ஐயா, அது செத்துப் போறதுக்குள்ள எங்கப்பா முகத்தையாவது எடுத்துக் குடுங்க" என்றார் பெரியம்மா. அதற்காகத்தான் போனோம்.

பழைய பத்திரத்தின் பெறுமதி நம் மக்களுக்குத் தெரியாததல்ல. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கப்பல் ஓடியது. அதில் வந்தவர்கள் பேசாலை வழியாகத்தான் ரயிலில் மேலே வந்தார்கள். 1948-ல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் நம்மில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. பாக்கிப் பேரின் கதை இழுபட்டு, 2003-ல் வந்த சட்டத்தோடுதான் முடிவுக்கு வந்தது. இந்தக் காலம் முழுவதும் ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் அலைந்தவர்கள் எத்தனை பேர்! பிரதி மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனாலும் அதில் உள்ள இலக்கமும் திகதியும் தெரிந்தால், புதுப் பிரதி கேட்டு விண்ணப்பிக்க வழி பிறக்கும்.

சரி, பாடத்துக்கு வருவோம்.

ஏன் நேர் வயர்?

முதலில் பென் டிரைவில் எடுக்கப் பார்த்தோம். பழைய கணனியில் இருந்த வைரஸ் பென் டிரைவில் ஏறி, கோப்புகளை மறைத்துவிட்டது. இன்டர்நெட் வழியாக அனுப்பலாமென்றால், படங்களும் வீடியோவுமாக 40 ஜிபி. டேட்டாவுக்கு யார் காசு கட்டுவது?

பேசாலைக் கடற்கரையில் பார்த்திருப்பீர்கள். நடுக்கடலில் ஒரு வள்ளத்து மீனை இன்னொரு வள்ளத்துக்கு மாற்ற வேண்டுமென்றால், இரண்டையும் பக்கத்தில் அணைத்துக் கட்டி, கைமாற்றிக் கொள்வார்கள். கரைக்கு வந்து போகத் தேவையில்லை. கணனிக்கும் அதே முறைதான்.

எந்த வயர்?

முன்பு, 1990-களில், கணனியின் பின்னால் உள்ள சீரியல் துவாரத்தில் வயர் மாட்டி அனுப்புவார்கள். விண்டோஸ் 95-லேயே அதற்கு வசதி இருந்தது. ஆனால் ஒரு ஜிபி போய்ச் சேர ஒரு முழு நாள் எடுக்கும்.

இப்போது வேண்டியது நெட்வேர்க் கேபிள். டெலிபோன் வயர் முனையைப் போல, ஆனால் கொஞ்சம் அகலமாக, எட்டுக் கம்பியோடு இருக்கும். எட்டும் இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும். அதில் சில கம்பிகள் வாய், சில கம்பிகள் காது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வாய்ப் பேச்சு மற்றவர் காதில் விழ வேண்டும். வாயும் வாயும் சேர்ந்தால் பேச்சு கேட்காது! அதனால் பழைய கணனிகளுக்கு, ஒரு முனையின் 1, 2-ம் கம்பிகள் மறுமுனையில் 3, 6-ம் இடத்துக்கு மாறிப் போகும் 'குரொஸ் கேபிள்' தேவைப்பட்டது. இரண்டில் ஒன்றாவது கிகாபிட் வகைக் கணனி என்றால், அதுவே கண்டுபிடித்து மாற்றிக்கொள்ளும். சாதாரணக் கேபிள் போதும்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு முனையும் ஒரே மாதிரித் தட்டையாக உள்ள யுஎஸ்பி வயரை இரண்டு கணனிக்கும் நடுவில் மாட்டாதீர்கள். இரண்டு பக்கமும் மின்சாரம் தரும், கணனி பழுதாகலாம். நாங்களும் ஒரு கடையில் அப்படி ஒன்றை வாங்கி ஏமாந்தோம். நல்ல வேளை, மாட்டுவதற்கு முன் ஒரு பிள்ளை தடுத்தது.

செய்யும் முறை

1. இரண்டு கணனியையும் போட்டு, கேபிளை மாட்டுங்கள். துவாரத்தின் பக்கத்தில் சின்ன விளக்கு எரிந்தால் தொடர்பு உண்டு.

2. லயத்து வீட்டுக்கு இலக்கம் இருப்பது போல ஒவ்வொரு கணனிக்கும் ஒரு விலாசம் வேண்டும். நெட்வேர்க் செட்டிங்கில் ஐபி விலாசம் என்ற இடத்தில் பழையதற்கு 192.168.10.1 என்றும், புதியதற்கு 192.168.10.2 என்றும் கொடுங்கள். மாஸ்க் இரண்டுக்கும் 255.255.255.0. மற்றக் கட்டங்களை வெறுமையாக விடுங்கள்.

3. பழைய கணனியில் 'பைல் ஷெயரிங்' என்பதைத் திறந்துவிடுங்கள். நேர் வயரைக் கணனி 'பப்ளிக்' என்றுதான் நினைத்துக்கொள்ளும். ஆகவே அந்தப் பிரிவிலும் திறக்க வேணும். அநேகம் பேர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். நாங்களும் ஒரு மணித்தியாலம் தடுமாறினோம்.

4. பழைய கணனிக்குப் பாஸ்வேர்ட் இல்லையென்றால் ஒன்று போடுங்கள். பாஸ்வேர்ட் இல்லாத கணக்கை வயர் வழியாக உள்ளே விடாது.

5. பத்திரங்கள் உள்ள போல்டரில் வலது கிளிக் செய்து 'ஷெயர்' கொடுங்கள்.

6. புதிய கணனியில் விண்டோஸ் விசையையும் 'ஆர்' விசையையும் சேர்த்து அழுத்தி, \\192.168.10.1 என்று அடியுங்கள். பழைய கணனியில் உள்ள கணக்கின் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். கொடுத்தால் போல்டர் தெரியும்.

7. 'கொப்பி' செய்யுங்கள், 'கட்' வேண்டாம். பாதியில் கரண்ட் போனாலும் பழையது பழைய இடத்தில் இருக்கும்.

பழைய கணனியில் இருப்பது விண்டோஸ் எக்ஸ்பி என்றால் புதியது அதனோடு பேசாது. அப்போது ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி அடப்டரில் மாட்டி எடுப்பதே சுலபம்.

முடிந்த பிறகு

இரண்டு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் ஒன்றா என்று பாருங்கள். கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்ப்போமே, அந்தக் கவனம் வேணும். நாலைந்தைத் திறந்தும் பாருங்கள். வைரஸ் இருக்கிறதா என்று சோதியுங்கள். ஷெயரிங்கை மூடி, விலாசத்தைப் பழையபடி தானியங்கிக்கு மாற்றுங்கள். பிறகு இன்னொரு பிரதி எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். ஒரே இடத்தில் இருந்தால் ஒரே மழையில் போய்விடும்.

பேசாலையில் 40 ஜிபியும் வர ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல் எடுத்தது. நடுவில் கணனி ஒரு தடவை நின்றது. திரும்பப் போட்டு, விட்ட இடத்திலிருந்து எடுத்தோம். பெரியம்மாவின் அப்பா, கம்பளியும் தலைப்பாகையுமாக, பெரட்டுக் களத்தில் நிற்கும் படம் வந்தது. அவருடைய பிரஜாவுரிமைப் பத்திரத்தின் இலக்கமும் தெளிவாக இருந்தது.

தோட்டத்துக்கு வந்து படத்தைக் காட்டினோம். பெரியம்மா கனநேரம் பார்த்தார். "இந்தக் கம்பளியத்தான் எனக்குப் போத்தி விடுவாரு" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

உங்கள் வீட்டுக் கணனி இன்றைக்கு ஓடுகிறது என்று நாளைக்குத் தள்ளி வைக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே, வீட்டில் கணனி தெரிந்த பிள்ளையை உட்கார வைத்து, பத்திரங்களை எடுத்து வையுங்கள். செய்யத் தெரியாதவர்கள் நலன்புரி அறைக்கு வாருங்கள். கேபிள் எங்களிடம் இருக்கிறது.